காதுகுத்தில் கடித்தவன் வருகிறான்

என் அன்பு அக்கா,

உன் தம்பி சோமசுந்தரம் எழுதுகிறேன். நோக்கம் ஒன்றே: உன் பிள்ளை பிரபு சென்னையில் இறங்கிவிட்டான்! நாளைக் காலை நீடாமங்கலம் வருகிறான். ரயிலின் நேரத்தை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன்.

நீ எங்களை விட்டுப் போய் ஐந்து மாதமாகிறது. அதற்கும் முன்பே அவன், ஐரோப்பா போகும் வழியில் ஏதோ ஒரு நாட்டின் தடுப்பு முகாமில் அடைபட்டிருந்தான். ஓர் எல்லையில் காவலை இறுக்கியபோது, வேலை வாங்கித் தருவதாகப் பணம் வாங்கிக் கூட்டிப்போன ஏஜென்ட் காட்டு வழியாக நடக்கவிட்டான்; அங்கும் இறுக்கியதும் மலை வழி. ஐரோப்பா மட்டும் வரவேயில்லை. பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, "மாட்டினா யாழ்ப்பாணம்னு சொல்லு, அனுப்பமாட்டாங்க" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறான். உன் பிள்ளையும் அப்படியே சொன்னான். எந்த நாட்டுக்காரன் என்று தெரியாததால் அவர்கள் திருப்பியனுப்பவும் இல்லை, வெளியே விடவும் இல்லை.

பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் சான்றொப்பமிட்டு, பக்க எண் போட்டு அங்குள்ள நம் தூதரகத்துக்கு அனுப்பினேன். "காகிதம் சரி சார், ஆள் இவர்தான்னு எப்படி நம்பறது?" என்றார் தூதரக அதிகாரி. சென்ற மாதம் வீடியோவில் பேச ஏற்பாடு செய்தார். திரையில் தாடியும் எலும்புமாக உட்கார்ந்திருந்தான், அக்கா. என்னைப் பார்த்துவிட்டு, "இவரை எனக்குத் தெரியாது. நான் யாழ்ப்பாணம்" என்றான்.

எனக்கு வந்த கோபத்தில் அலுவலக முறையெல்லாம் பறந்துவிட்டது. கட்டை விரலைக் கேமரா முன்னால் நீட்டினேன்.

"அப்படியா தம்பி? மொட்டை போட்டு என் மடியில உட்கார வெச்சுக் காது குத்தினப்ப, இந்த விரலை யாருடா கடிச்சான்? யாழ்ப்பாணத்துலேர்ந்து வந்து கடிச்சுட்டுப் போனானா?"

விறைப்பெல்லாம் உடைந்து சிரித்துவிட்டான்! "ரெண்டு கையையும் அமுக்கிப் பிடிச்சா வேற என்ன மாமா பண்றது? வாய்தானே சும்மா இருந்துச்சு?"

அதிகாரியும் சிரித்துவிட்டார். "போதும் சார். இதுக்கு மேல சான்றிதழ் வேண்டாம்."

அழைப்பு முடியும்போது கேட்டான்: "அம்மா நல்லா இருக்காங்களா மாமா?" அந்த அடைப்புக்குள் யார் தோளில் சாய்ந்து அழுவான்? "நீ முதல்ல வா" என்றேன். பொய் சொல்லிப் பழகாத நான் சொன்ன அது, பொய்யா அக்கா?

அவனோடு ஒரே அறையில் இருந்த பையன் இன்னும் உள்ளேதான் இருக்கிறானாம். அவனுக்காக விரல் நீட்ட ஒரு மாமன் இல்லையோ, என்னவோ.

"அவன் வந்தா நீயே போய்க் கூட்டிட்டு வாடா" என்று கடைசியாகச் சொன்னாயே. ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்பே நடைமேடையில் நிற்பேன். முதலில் வயிறார இட்லி வாங்கிக் கொடுப்பேன். வீட்டுக்கு வரும் வழியில் வெண்ணாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தி, நீ இல்லை என்பதை நானே, என் வாயாலேயே சொல்வேன். வீட்டுக்குள் நுழைந்து அவன் உன்னைத் தேடும்படி விடமாட்டேன். அடித்தாலும் சரி, மறுபடி கடித்தாலும் சரி, இந்த முறையும் பிடித்த பிடியை விடமாட்டேன்.

உன் தம்பி,
பிரபுவின் தாய்மாமன்,
சோமசுந்தரம்