நாற்பத்தொரு ‘அவர்களே’

நாள் 112, காலை 09:10

நிலாத் தென்முனை நிலையம். காவல்: கோமதிநாயகம், வயது 51, தனி ஆள். பிராணவாயு சரி. மின்சாரம் சரி. எடை இரண்டு கிலோ கூடியிருக்கிறது. நிலாவுக்கு வந்தும் தொப்பை போட்ட முதல் ஆள் நானாகத்தான் இருக்கும்.

இன்னும் எட்டு நாளில் நாற்பத்தொரு பேரோடு கப்பல் இறங்குகிறது. வரவேற்புரை நான் ஆற்ற வேண்டுமாம். மைக்கைப் பார்த்தாலே எனக்குத் தொண்டை பூட்டிக்கொள்ளும். மச்சினி கல்யாணத்தில் நன்றி சொல்ல மேடையேறி, மைக்கோடு சேர்ந்து சரிந்தவன். இன்றும் அந்த வீட்டில் காப்பியை என் கையில் தரமாட்டார்கள், மேசையில் வைத்துவிட்டு விலகிக்கொள்வார்கள்.

அதற்குச் சிகிச்சையாக ஒரு மெய்நிகர் கண்ணாடி அனுப்பியிருக்கிறார்கள். மாட்டினால் முன்னால் ஓர் அரங்கம். நாற்காலிகளில், வரப்போகும் அதே நாற்பத்தொரு முகங்கள்.

நாள் 114, 10:30

நான்காம் பயிற்சி. ‘வ’ என்றேன். ‘வணக்கம்’ வரவில்லை. இதயத் துடிப்பு 141. முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். பொய் மனிதருக்கு என்ன தூக்கம்?

பூமியிலிருந்து, தூத்துக்குடி டாக்டர் பிரிசில்லாவின் செய்தி:

“அண்ணாச்சி, நம்ம ஊர் மேடையில எப்படி ஆரம்பிப்பாங்க? இன்னார் அவர்களே, இன்னார் அவர்களேன்னுதான? அதையே மருந்தா எடுத்துக்கிடுங்க. ஒவ்வொரு முகமாப் பாத்துப் பேரைச் சொல்லுங்க. ஒருத்தரையும் விட்டுராதீங்க.”

விடுவேனா? எங்கள் சங்கத்து வெள்ளிவிழாவில் துணைச் செயலாளர் பெயரை மேடையில் விட்டுவிட்டார்கள். மனிதர் தான் போட்டுக் கொடுத்த பந்தலைப் பிரித்துக்கொண்டே போய்விட்டார். மீதி விழா வெயிலில் நடந்தது.

நாள் 118, 10:40

பத்தொன்பதாம் பயிற்சி. மருந்து வேலை செய்கிறது. பத்தாவது பெயரில் வியர்வை நிற்கிறது, முப்பதாவதில் கை நடுக்கம். நாற்பத்தொரு பெயரும் முடிய அறுபது நொடி. அப்புறம் பேச்சு தானாக வருகிறது. அரங்கம் கை தட்டுகிறது. இனி என்னை நிறுத்துவதுதான் கஷ்டம்.

நாள் 120, 08:05

தரை நடுங்கியது. பதினொரு நொடி. தொடர்புக் கம்பம் சாய்ந்துவிட்டது. பூமியோடு பேச்சு இல்லை. பதிவு செய்து ஒலிபரப்பும் கருவியும் போயிற்று.

அதைவிட மோசம்: இறங்குதளத்துக்கு அடியில் பள்ளம் விழுந்திருக்கிறது. கருவி காட்டும் ஆழம் இருபது மீட்டர். மேலே அப்பளம் கனத்துக்கு ஓடு. வானத்திலிருந்து பார்த்தால் தளம் அப்படியே இருக்கும்.

கப்பல் இறங்கும் நேரம் 11:40. நிலையத்தோடு தொடர்பு அறுந்தாலும் திட்டப்படி இறங்குவதுதான் விதி.

மிச்சமிருப்பது கையில் பிடித்துப் பேசும் பழைய ரேடியோ ஒன்று. 11:10-க்குக் கப்பல் மலை இடைவெளியைக் கடக்கும். அந்த அறுபத்தைந்து நொடி மட்டும் கேட்கும், அப்புறம் இறங்கும்வரை கேட்காது. சொல்ல வேண்டியது ஐந்தே வார்த்தை: ‘தளத்தில் இறங்காதீர்கள். கிழக்கு மேட்டில் இறங்குங்கள்.’

09:20

கண்ணாடியை மாட்டி ஒத்திகை. பெயர் சொல்லாமல் ஆரம்பித்தால் தொண்டை பூட்டுகிறது. மூன்று முறையும்.

விமானி பெயரை மட்டும் வைத்துக்கொண்டேன். ‘விமானி தமயந்தி அவர்களே’, உடனே செய்தி. ஆறாவது முறை வந்தது. ஏழு, எட்டு, ஒன்பது, எல்லாம் வந்தன. ஒன்பது நொடி. போதும்.

விடுபட்ட நாற்பது முகங்களும் என்னையே பார்த்தன. பார்க்கட்டும்.

11:08

மைக் கையில். கண்ணாடி இல்லை. ஒரு பெயர், ஐந்து வார்த்தை. ஒரு பெயர், ஐந்து வார்த்தை.

11:13

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

‘விமானி தமயந்தி அவர்களே’ என்றேன். தொண்டை திறந்தது. திறந்த வழியில் ‘துணை விமானி அப்துல் ரசாக் அவர்களே’ வந்தது. நிறுத்தினால் பூட்டிக்கொள்ளுமே என்று பயம். மூன்றாவது வந்தது. பழகிய தடத்தில் நாக்கு போய்க்கொண்டே இருந்தது, நான் பின்னால் ஓடினேன். நாற்பத்தொன்றாவதாக, ‘சமையல்காரர் வெயிலுமுத்து அவர்களே.’

கை நடுங்கவே இல்லை. வாயைத் திறந்தேன். அதற்குள் தமயந்தியின் குரல்:

“அண்ணாச்சி, பிரமாதம்! ஒரு பேரு விடலியே! இங்க எல்லாரும் கை தட்டுதாங்க. மிச்சத்த நேர்ல கேட்டுக்கிடுதோம், வந்துட்டே இருக்...”

அப்புறம் இரைச்சல். அந்த இரைச்சலிடம் ஐந்து வார்த்தையும் சொன்னேன். அருமையாக வந்தது.

11:21

கவச உடை போட்டாயிற்று. சிவப்பு விளக்கு எடுத்தாயிற்று. கவசத்தின் ரேடியோ நிலையத்தைத் தாண்டாது. என் குரலை இந்தக் குறிப்பில் மட்டும் ஏற்றும்.

கடைசி இரண்டு நிமிடம் விமானி கண்ணால் பார்த்துத்தான் இறக்குவார். தளத்தின் ஓரத்தில் நின்றால், வரவேற்க வந்திருக்கிறான் என்று நினைப்பார்கள். நட்டநடுவில்தான் நிற்க வேண்டும். ஓடு என்னைத் தாங்கும் என்பது கணக்கு. அந்த இரண்டு கிலோவை நினைத்துக்கொள்கிறேன்.

11:36, குரல் பதிவு

நடுவில் நிற்கிறேன். காலுக்கடியில் ஏதோ முனகுகிறது. நகர மாட்டேன்.

11:38

கப்பல் தெரிகிறது. விளக்கை ஆட்டுகிறேன். ஆயுசு பூராவும் யாரும் என்னைப் பார்த்துவிடக் கூடாதென்று வேண்டியவன். பாருங்கள். தூசி கிளம்புகிறது. தமயந்தி அவர்களே, ரசாக் அவர்களே, யாராவது ஒருத்தர், இந்தப் பக்கம், பாருங்...