குட்டி நாற்காலியில் மாட்டிய வாத்தியார்

அன்புள்ள வீட்டு அதிகாரியான என் மனைவிக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

"ஆபீஸ் வேலையை விட்டுட்டு, அவ்வளவு தூரம் போய்க் குழந்தைங்களுக்கு வாத்தியாராகணுமா?" என்றாயே, நேற்று தலைமையாசிரியையும் அதையே கேட்டார். என்னை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று பார்க்க வகுப்புக்கு வந்திருந்தார். மரியாதையாக எழுந்தேன், குட்டி நாற்காலியும் இடுப்போடு எழுந்தது. பிள்ளைகள் ரயில்போல் கோத்துக்கொண்டு இழுத்து விடுவித்தார்கள்.

"சார், நாளைக்கும் மாட்டிக்குவீங்களா?" என்றாள் ஒரு வாயாடி.

"ஆபீஸ்ல ஒரு வாரம் வரலைன்னாலும் யாருக்கும் தெரியாது மேடம். இங்க தண்ணி குடிக்கப் போனாலே நாலு பேர் தேடி வர்றாங்க" என்று தலைமையாசிரியைக்குப் பதில் சொன்னேன். சிரித்தபடியே நிரந்தரமாக்கிவிட்டார்.

என் இடுப்பு பெருத்துவிட்டது, பெரிய அளவில் இரண்டு கால்சட்டை அனுப்பு. மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைதான் என்னைத் தேட ஆளில்லை; அன்றைக்கு நீ போன் பண்ணு.

உன்
வாத்தியார்