துறைமுகத்துக்கு வராதே, அம்மா

அன்புள்ள அம்மா,

உன் முட்டிவலி தேவலையா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

அடுத்த வாரம் சென்னைத் துறைமுகத்துக்கு என்னைப் பார்க்க வராதே. நான் வேலை பார்க்கும் லீனா அக்கா குடும்பம் மட்டும்தான் கப்பலில் போகிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்னையும் கூட்டிப்போவதாக உன்னிடம் சொன்னது அவர்தானே?

நேற்று ஊர் சுற்றப் போனோம். மெட்ரோவில் மல்லேஸ்வரம், பிறகு பஸ்ஸில் அல்சூர். வழியெல்லாம் குழந்தை என் இடுப்பில்தான். ஏரியில் படகு ஏறியதும் அக்கா, "என்ன அருளரசி, கப்பல் ஆசை தீர்ந்துச்சா? உனக்கு டிக்கெட் போடலம்மா, வீட்டப் பாத்துக்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

யாரையும் எதிர்த்துப் பேசாத நான் பேசிவிட்டேன். "எங்கம்மா மீன் கடைய மூடிட்டு ஹார்பர்ல வந்து நிப்பாங்க. வராதீங்கன்னு நீங்களே சொல்லுங்கக்கா" என்று சொல்லிக் குழந்தையை அவர் மடியில் வைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

அவர் இன்னும் உன்னிடம் சொல்லவில்லை. போனில் நான் சொன்னால் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

துறைமுகத்துக்குக் கொண்டுவர எடுத்துவைத்த நெத்திலிக் கருவாட்டைக் கொரியரில் அனுப்பு. நாற்றம் என்று இந்த வீட்டில் சமைக்க விடமாட்டார்கள். அவர்கள் கப்பலில் இருக்கும்போது, ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு தினமும் வறுப்பேன்.

குழந்தை அழுகிறது, போகிறேன்.

உன்
அருளரசி