வாசலில் நிற்கும் வாள்வீரன்

சுங்கை லாலாங்,
நவம்பர் 1988

அன்பு மகன் செலஸ்டினுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. மாதாவின் அருளால் இங்கே நானும் உன் தங்கை கேதரினும் கோழிகளும் நல்ல சுகம், உன் அப்பாவின் வலது கால் ஒன்றுக்குத்தான் சுகமில்லை. நீயும் சிங்கப்பூரில் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே, நான் படித்த படிப்புக்கு இவ்வளவுதான் வரும்.

பீடோங் பசார் கடைத்தெருவில் மோட்டாரோடு விழுந்து முறிந்த கால் மெல்லக் கூடி வருகிறது. மாவுக்கட்டு பிரிக்கும்வரை காலை ஊன்றக்கூடாது என்றால் உன் அப்பா கேட்கிற ஆளா, அவரை உட்கார வைக்கத்தான் நீ லீவில் ஊருக்கு வந்த பரஞ்சோதி கையில் அந்த டிவி கேமைக் கொடுத்தனுப்பினாய் என்று தெரியும். ஆனால் மகனே, கொஞ்சம் நல்லதாகப் பார்த்து அனுப்பியிருக்கக்கூடாதா. அட்டையில் வாளை ஓங்கிக்கொண்டு ராஜா மாதிரி ஒருவன் நிற்கிறான், டிவியில் போட்டால் கத்தரிக்காய் அளவுக்கு ஒரு ஆள், கையில் குச்சி. எழுத்தெல்லாம் ஜப்பான்காரன் எழுத்து. எதிரே பச்சையாக ஒரு பூதம் வரும், பட்டனை அமுக்கினால் இவன் குச்சியை நீட்டுவான், பூதம் பின்னால் போய் நின்று யோசித்துவிட்டு மறுபடி வரும், மறுபடி அமுக்கவேண்டும். ஒரு பூதம் சாவதற்குள் நான் குழம்புக்கு வெங்காயம் உரித்து முடித்துவிடுவேன். கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பினால் செத்த பூதம் அங்கேயே நிற்கும். பக்கத்து வீட்டுப் பக்கிரிசாமி அண்ணன் பார்த்துவிட்டு, "என்னாண்ணே இது, லாலாங் புல்லு வெட்டுற கணக்கா இருக்கு, வெட்ட வெட்ட மொளைக்குதுலா" என்றார். அப்பாவும் காலையில் பசியாறியதிலிருந்து திட்டிக்கொண்டேதான் அமுக்குகிறார், எடுத்து வைக்க மட்டும் மாட்டார். ஏன் இந்தத் தலைவிதி என்று கேட்டேன், அவன் அனுப்பினதை எப்படிப் பாதியில் வைப்பது என்கிறார்.

இன்னொன்று கேள். அந்த விளையாட்டில் ஓர் ஊர் வரும், வீட்டுக் கதவெல்லாம் திறந்தே கிடக்கும். அப்பா ஒவ்வொரு வாசலிலும் அந்த ஆளைக் கொண்டுபோய் நிறுத்தி, யாராவது வாங்க என்று சொல்வார்களா என்று காத்திருப்பார், சொல்லமாட்டார்கள், அடுத்த வாசலுக்குப் போவார். கேதரின் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "உள்ள போங்கப்பா, பெட்டியில வாள் இருக்கும், எடுத்துக்கணும்" என்றாள். "கூப்புடாத வூட்டுல பூந்து பெட்டியத் தொறக்கவா ஒங்கண்ணன் இத அனுப்புனான்" என்று அவளுக்குத் திட்டு. அவர் தூங்கும்போது அவளே போய் வாளை எடுத்து வைத்தாள். வாள் வந்தும் சண்டை மாறவில்லை, பூதம் அதே மாதிரி நின்று யோசிக்கிறது, அநியாயமாகத் திருட வைத்தாயே என்று அவளுக்கு மறுபடி திட்டு.

நான் சிரித்தேன் என்றாலும், அந்த ஆள் வாசலில் நிற்கும்போதெல்லாம் நீதான் என் கண்ணில் நின்றாய். அப்பா கேட்டு வாங்கிக்கொடுத்த தோட்டத்து ஆபீஸ் கிராணி வேலையை விட்டுவிட்டு நீ கிளம்பிய அன்று, "நான் கூப்புடாம இந்த வாசப்படி மிதிக்காத" என்றார், அதற்குப் பிறகு இரண்டு கிறிஸ்மஸ் போய்விட்டது. நீயும் பொட்டலம்தான் அனுப்புகிறாய், வருவதில்லை. பொம்மை வீட்டுக்குள்ளேயே கூப்பிடாமல் நுழையாத மனுசன் பெற்ற பிள்ளை வேறு எப்படி இருக்கும் என்று நேற்று அவரிடமே கேட்டேன், கேலியாகத்தான். அவர் அமுக்குவதை நிறுத்திவிட்டார். பூதம் வந்து அந்த ஆளை முட்டிக்கொண்டே இருந்தது, அவர் பார்க்கவில்லை. அப்புறம், "அடுத்தவன் வூட்டுக்குப் போறதுக்குத்தான் கூப்புடணும். இது அவன் வூடுலா. எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

கிறிஸ்மஸுக்கு முன்னால் கட்டுப் பிரித்துவிடுவார்கள், உன்னைக் கூட்டிவரச் சுங்கைப் பட்டாணி பஸ் நிலையத்துக்கே வருவேன் என்று இப்போதே மிரட்டுகிறார். பஸ் டிக்கெட்டை முன்னாலேயே எடுத்துவிடு. வேறு கேம் வாங்கி வராதே, இந்தப் பூதங்களே போதும். மாதா உன்னை எந்தக் குறையும் இல்லாமல் காப்பாற்றட்டும். மறக்காதே, கதவு திறந்திருக்கும், வாசலில் நின்று யோசிக்காமல் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே உள்ளே வா.

உன் அன்பு அம்மா,
அகத்தா