அறுபதாம் ஹூக்கைத் தாண்டிய அலை

ஆரணி,
ஞாயிறு காலை.

அன்புள்ள சுபலட்சுமிக்கு,

உன் வீட்டுக்காரன் குப்புராஜ் எழுதுவது. கல்யாணமான ஆறு வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. பன்னிரண்டு நாளாக நீ ஃபோனை எடுக்கவில்லை. மெசேஜ் போட்டால் நீல டிக் விழுகிறது, பதிலைக் காணோம். தபால்காரர் நீட்டினால் வாங்கித்தானே ஆக வேண்டும்! உன் பள்ளிக்கூடம் இருக்கும் கூடலூரில் குளிர் எப்படி? கோபத்தில் ஸ்வெட்டரை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாய். தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டி வலி தேவலை. திட்டுவதற்கு மட்டும் தெம்பு குறையவில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்டேனா இல்லையா என்று தினமும் என்னைப் பிடித்துக்கொள்கிறாள்.

முள்ளிப்பட்டு கிரகப்பிரவேசத்தில் நான் பேசியதை நீ மறந்திருக்க மாட்டாய். உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சைன், கொசைன் கணக்கு நடத்துவதைப் பற்றி ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் நடுவில் புகுந்து, "இவ சைனு சைனுன்னு சொல்லிகினு கீறா, அத வெச்சி ஒரு முழம் நெய்ய முடியுமா?" என்றேன். பந்தியே சிரித்தது. நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாய்.

அந்த வாய்க்குச் சரியான ஆப்பு கிடைத்துவிட்டது, கேள்.

நமக்குப் பாவு நூல் கொடுத்து நெய்து வாங்கும் கமலக்கண்ணன் அண்ணன், ஒரு முகூர்த்தப் புடவைக்குக் கரையில் அலை கேட்டார். கையால் வரைந்தால் ஒரு மேடு பெரிசு, ஒரு மேடு சிறிசு. உன் அலமாரியில் சைன் அலை வரைந்த நோட்டு இருந்தது. நைசாக எடுத்துக்கொண்டேன். கரை நூலைத் தூக்கும் ஹூக் மொத்தம் அறுபது. நடு முப்பது. அகலம் அறுபதாயிற்றே என்று சைனை அறுபதால் பெருக்கி முப்பதைக் கூட்டினேன். நெசவுக்காரனுக்கு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் எண்ணித்தானே பழக்கம்! தறிக்கு டிசைன் அட்டையில் ஓட்டை அடிக்கும் வெற்றிச்செல்வன் சந்தேகமாகப் பார்த்தான். கணக்குடா, உனக்குப் புரியாது என்று அவன் வாயை அடைத்தேன்.

நாலு விரல் அளவு நெய்ததும் குட்டு உடைந்தது. மேடெல்லாம் புடவையின் உடலுக்குள் ஏறிப் புட்டாப் பூவை மிதிக்கிறது. பள்ளமெல்லாம் ஓரத்தில் அறுந்து மொட்டையாக நிற்கிறது. "இன்னாபா, அலை கேட்டா ஜவ்வாது மலையைக் கொண்டாந்து வெச்சிருக்க?" என்றார் அண்ணன்.

அப்புறம்தான் நோட்டை ஒழுங்காகப் படித்தேன். சிவப்பு மையில் கட்டம் போட்டு எழுதியிருக்கிறாய்: சைன் ஒன்றுக்கு மேல் போகாது, மைனஸ் ஒன்றுக்குக் கீழ் இறங்காது. அப்படியென்றால் என் அலையின் உச்சம் முப்பதும் அறுபதும் தொண்ணூறு. தாழ்வு முப்பதில் அறுபது போய் மைனஸ் முப்பது. கரையில் இல்லாத ஹூக்கில் நெய்யப் பார்த்திருக்கிறேன், சுபா! நடுவிலிருந்து மேலே பாதி, கீழே பாதி என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. ஓரத்துக்கு நாலு நாலு விட்டு, இருபத்தாறால் பெருக்கினேன். உச்சம் ஐம்பத்தாறு, தாழ்வு நாலு. புது அட்டை ஏறியதும் அலை சமர்த்தாகக் கரைக்குள்ளேயே நடந்தது. "ஜோரா கீதுபா, யார் போட்ட கணக்கு?" என்று அண்ணன் கேட்டார். என் வீட்டுக்காரி கணக்கு என்று பக்கத்துத் தறிகளுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன்.

விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சப்பைக்கட்டு கட்ட மாட்டேன். நாலு பேர் எதிரில் உன்னைச் சிறுமைப்படுத்தினேன். தப்பு என்னுடையது. நீ இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது.

பாவின் தொடக்கத்திலேயே தெரிந்ததால் கெட்டுப்போன துண்டை வெட்டி எடுக்க முடிந்தது. இந்தக் கவரில் மடித்து வைத்திருக்கிறேன். வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கும் காட்டு. இதன் உச்சம் என்ன, தாழ்வு என்ன என்று கேள். எந்த மடையன் நெய்தது என்று யாராவது கேட்டால் ஒளிக்காதே, என் வீட்டுக்காரர் என்று சொல். வயிறு வலிக்கச் சிரிக்கட்டும். அவர்களோடு சேர்ந்து உனக்கும் சிரிப்பு வந்துவிட்டால், அன்றைக்கு மட்டும் ஃபோனை எடு.

தறியை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும்,
குப்புராஜ்