அத்தான் துப்பாக்கி பிடித்த விதம்

ஜூலை 8, செவ்வாய்

கச்சான் காற்று. கண்ணெல்லாம் மண். துறைமுகத்துப் பழைய கிடங்கில் படப்பிடிப்பு, சென்னைக்காரரின் திரில்லர். என் வேலை: காலையில் துப்பாக்கிகளைக் கொடுப்பது, மாலையில் திரும்ப வாங்குவது.

கதாநாயகன்: கைத்துப்பாக்கி. இரும்பு, சுடாது.
வில்லன்: நீளமானது, மேலே தொலைநோக்கி.
அடியாட்கள்: மரம். வியர்த்தால் கறுப்பு மை கையில் ஒட்டும்.

போரில் முப்பது வருடம் சுட்டுத் தீர்த்த ஊர். மரக்கட்டைக்கு மூன்று அலுவலகங்களில் அனுமதி. அடியாட்கள் எல்லாரும் எங்கள் ஊர்ப் பெடியள். வசனம் கிடையாது. சாவதற்கு எங்கள் முகம் போதுமாம்.

ஒரு ஆள் குறைந்தது. அத்தானைக் கூட்டிப் போனேன். அக்காவின் கணவர், கத்தார் வேலைக்குப் பொலிஸ் சான்றிதழை எதிர்பார்த்து வீட்டில் இருக்கிறவர்.

என் பிழை. பதினாறு வயதில் அவரை இயக்கம் சண்டைக்குப் பிடித்துப்போய் ஒரு வருடம் வைத்திருந்தது. தப்பி வந்தவர். எந்தப் பதிவிலும் பெயர் இல்லை; இருந்தால் சான்றிதழ் கிடைக்காது. மரத்தை நீட்டியதும் கை தானாகப் போனது. பின்கட்டை தோளில், விரல் விசையில் படாமல், குழல் நிலம் பார்த்து. மற்றவர்கள் வீடு கூட்டுகிற தும்புத்தடி போலப் பிடித்திருந்தார்கள்.

இயக்குநர்: "யாருப்பா இவரு? சூப்பரா பிடிக்கிறாரே. முன்னாடி வாங்க." முன்வரிசையில் நிறுத்தி எடுத்தார்கள்.

வாசலில் சிவில் உடுப்பில் தினமும் நிற்கிற புலனாய்வுக்காரன் ஃபோனை எடுத்துப் படம் பிடித்தான்.

ஜூலை 9, புதன்

படப்பிடிப்பு இல்லை. காலையில் அதே ஆள் வீட்டில். அத்தானுக்கு எதிரே கதிரையில் சாய்ந்து தேத்தண்ணி குடித்தான்.

"எங்க பழகினது, அண்ணை?"

"படம் பாத்துத்தான்."

"நல்ல படம் போல."

அவன் போன பிறகும் அக்கா என் முகம் பார்க்கவில்லை.

நாளை அத்தான் படப்பிடிப்புக்குப் போகாவிட்டால் ஒளிந்துவிட்டான் என்று எழுதுவார்கள். போனால் அதே கை. பின்னேரம் குசினியில் அக்கா தும்புத்தடியைக் கொடுத்து, பிழையாகப் பிடிக்கப் பழக்கினாள்.

"விரலை உள்ளுக்க விடுங்கோ. இல்லை, இன்னும் மொக்கன் மாதிரி."

"ஏலாதடி. கை கேக்குதில்லை."

மூவரும் சிரித்தோம். பிறகு அத்தான் முகம் கழுவப் போனார். கனநேரம் வரவில்லை.

ஜூலை 10, வியாழன்

ஏழு தடவை எடுத்தார்கள். ஏழிலும் அத்தான் பிழையாகவே பிடித்தார். இயக்குநர் கத்தினார்: "முந்தாநேத்து மாதிரி பிடிய்யா. கையில என்ன, விளக்குமாறா?" எல்லோருக்கும் சிரிப்பு. எட்டாவதில் அத்தான் மரத்தைக் கீழே போட்டார். போகச் சொல்லிவிட்டார்கள்.

நிலாவெளி பஸ்ஸில் கேட்டார்: "வாசல்ல நிண்டவனும் சிரிச்சவனோ?"

"ஓம் அத்தான். சிரிச்சவன்."

"அப்ப சரி."

ஜூலை 11, வெள்ளி

மரங்களுக்கு மறுபடி மை. உதவி இயக்குநர் வந்தார். "உங்க அத்தான் நேத்து சொதப்பினா என்ன, சிஸ்டர். செவ்வாய்க்கிழமை எடுத்ததையே வச்சிட்டோம். முகம் குளோசப். டிரெய்லர்லயே வருது."

வெட்டிவிடச் சொன்னேன். ஏன் என்றார். அடுத்த மரத்தை எடுத்து மை பூசினேன்.

"வெட்கப்படுறாரா? அந்தக் கை யாருக்குங்க வரும்."

அக்கா இரண்டு தடவை அழைத்தாள். எடுக்கவில்லை.