வாக்யூ சாப்பிடப் பழகிய மாதம்

04.02.2025, செவ்வாய்

காலை ஷிப்ட். லண்டன் பிரிக்ஸ்டனில் வீதி வேலை, நான் ஓட்டின பஸ் அரை மணித்தியாலம் அசையவில்லை. ஏறியிருந்த அத்தனை பேரும் என்னை முறைத்தார்கள், கிடங்கு வெட்டினவன் நான்தான் என்பதுபோல.

வீட்டுக்கு வந்தால் மகள் கீர்த்திகா குசினி வாசலில் நின்று குதிக்கிறாள். இருபத்துமூன்று வயது. கணக்கியல் படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு, சமையல்தான் என் வேலை என்று போன பிள்ளை. மேபெயரில் புதிதாகத் திறக்கப்போகும் ஒரு ஜப்பான் சாப்பாட்டுக் கடையில் பழகுகிறாள். சூடான இரும்புத் தட்டுக்குப் பின்னால் நின்று, ஆட்களுக்கு முன்னாலேயே இறைச்சி சுட்டுக் கொடுக்கிற வேலை. இருப்பது ஒரு இடம். போட்டிக்கு இரண்டு பேர்: இவளும் ஒரு போலந்துப் பெடியனும். மார்ச் நாலாம் திகதி, கடை திறக்க முதல், இரண்டு பேரும் தங்கள் வீட்டார் இருவரை முன்னால் இருத்திச் சமைத்துப் போடவேண்டும். பெரிய செஃப் பக்கத்தில் நின்று பார்ப்பாராம். அதோடு முடிவு.

“நீங்களும் அம்மாவும் வரவேணும் அப்பா. வந்திருந்து சாப்பிடவேணும்.”

“சாப்பிடுறதுதானே? அதில நான் பட்டதாரி.”

“வாக்யூ அப்பா. ஜப்பான் மாட்டிறைச்சி.”

உள்ளே தேங்காய் துருவிய சத்தம் நின்றது.

06.02.2025, வியாழன்

என் மனைவி சந்திரவதனா இரண்டு நாளாகத் தேவைக்கு மட்டும் பேசுகிறாள். ‘சோறு இருக்கு.’ ‘குப்பைப் பின்னை வெளியில வைக்கவேணும்.’ இவ்வளவுதான்.

அவளையும் குற்றம் சொல்ல ஏலாது. கோழிக்கும் மீனுக்கும் மச்சச் சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு, கத்தியும் பலகையும் வேறு வேறு என்று வைத்திருக்கிற மனுசி. மாடு இந்த வீட்டு வாசல்படி மிதித்ததில்லை. கீர்த்திகாவுக்கு ‘ஜப்பான் கொம்பனியில வேலை’ என்று வதனா கோயிலிலும் சொல்லி, ரொறன்ரோவில் இருக்கும் தமக்கைக்கும் சொல்லி வைத்திருக்கிறாள். பொய் இல்லையே. கொம்பனி என்ன விற்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். ஆட்டினபோது கீர்த்திகா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் கண்டேன். கண்டும் ஆட்டினேன்.

இன்றைக்குத் திருப்பிக் கேட்டேன். “வருவியோ மாட்டியோ?”

“மாட்டன்.”

சரி. நானாவது ஒழுங்காகப் போகவேண்டும். முன்னுக்கு இருந்து வாயில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தால் பிள்ளையின் கதி என்ன? ஜேர்மனி அகதி முகாமில் தந்த சொசேஜை என்ன இறைச்சி என்று கேளாமல் தின்றதைத் தவிர எனக்கு அனுபவம் கிடையாது. இன்னும் நாலு கிழமை. ஓ.எல். சோதனைக்குப் பிறகு நான் படிக்கப்போகிற முதல் பாடம் இதுதான்.

09.02.2025, ஞாயிறு

பாடம் ஒன்று. சுப்பர்மார்க்கெட்டில் ‘வாக்யூ பர்கர்’ என்று பெட்டியில் போட்டு விற்கிறார்கள்! தோர்ண்டன் ஹீத்தில் இருக்கும் ஒரு பர்கர் கடையிலும் அந்தப் பெயர் கண்டேன். வாங்கி, கார் யன்னலை ஏற்றிவிட்டு, திருடன்போலத் தின்றேன். பர்கர் மாதிரித்தான் இருந்தது. இதற்கா இவ்வளவு ஆரவாரம்?

கீர்த்திகாவுக்கு வட்ஸ்அப்பில் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் குரல்பதிவு அனுப்பினாள். “அது இங்கிலாந்து மாட்டுக்கும் ஜப்பான் மாட்டுக்கும் கலியாணம் கட்டிவைச்சுப் பிறந்த பிள்ளை அப்பா. உண்மையான சாமான் வேற.”

12.02.2025, புதன்

ஓய்வு நாள். பிக்கடிலிப் பக்கம் ஒரு ஜப்பான் பலசரக்குக் கடைக்குப் போனேன். பஸ் ஓட்டிக்கொண்டு நூறு தரம் கடந்திருப்பேன், ஒரு தரமும் இறங்கினதில்லை. இறைச்சி இருந்த கண்ணாடிக்கு முன்னால் நின்றுவிட்டேன். சிவப்புக்குள்ளே வெள்ளை, வெள்ளைக்குள்ளே சிவப்பு. பனி பெய்த கண்ணாடிபோல. இறைச்சி இவ்வளவு வடிவாக இருக்கும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே!

கடைக்காரப் பெண் ஒரு பத்திரத்தின் பிரதி காட்டினாள். மாடு எங்கே பிறந்தது, யார் வளர்த்தது, தகப்பன் மாட்டின் பெயர், பத்து இலக்கத்தில் ஒரு நம்பர், மூக்கு அடையாளம்கூட. நான் குரோய்டனில் அந்தப் பெரிய குடிவரவுக் கட்டடத்தில் பிறப்பு அத்தாட்சி இல்லாமல் ஒரு நாள் முழுக்க முழித்துக்கொண்டு இருந்தவன். இந்த மாடு வந்திருந்தால் பத்து நிமிசத்தில் விசா குத்தி அனுப்பியிருப்பார்கள்.

கையகலத் துண்டு ஒன்று வாங்கினேன். விலையை இங்கே எழுதினால் கொப்பிக்கும் நெஞ்சு வலிக்கும்.

15.02.2025, சனி

எழுதவே வெட்கமாக இருக்கிறது.

வதனா வேலைக்குப் போனபின் குளிர்பெட்டியின் அடியில் ஒளித்துவைத்ததை எடுத்தேன். இறைச்சி என்றால் எனக்குத் தெரிந்தது ஒரே வழி. மஞ்சளும் தேசிக்காய்ப்புளியும் போட்டு மூன்று தண்ணீரில் கழுவினேன். துண்டு துண்டாக வெட்டினேன். வெங்காயம் வதக்கி, யாழ்ப்பாணத்துத் தூள் மூன்று கரண்டி. இறைச்சி நன்றாக அவியவேண்டுமே, மூடிவைத்து முக்கால் மணித்தியாலம்.

திறந்து பார்த்தேன். சட்டிக்குள் எண்ணெய். இறைச்சியைக் காணவில்லை. கரண்டி விட்டுத் துழாவினேன், சுண்டுவிரல் நகமளவில் நாலு துண்டு அகப்பட்டது. ஜப்பானில் யாரோ ஒரு விவசாயி மூன்று வருசம் பிள்ளைபோல வளர்த்த மாட்டை நான் நல்லெண்ணெய் ஆக்கிவிட்டேன்.

அதற்குள் வதனா வந்துவிட்டாள். ஷிப்ட் பாதியில் முடிந்ததாம். மூக்கை உறிஞ்சினாள். சட்டியைப் பார்த்தாள்.

“இது என்ர வெள்ளிக்கிழமை மரக்கறிச் சட்டி.”

“கைக்கு அகப்பட்டதை எடுத்திட்டன்…”

“என்ன இறைச்சி?”

நான் சட்டியை மூடினேன். அவள் இரண்டாம் தரம் கேட்கவில்லை. சட்டியை மூடியோடு தூக்கிக்கொண்டு போய் வெளியே குப்பைப் பின்னில் போட்டுவிட்டு வந்து கை கழுவினாள். மூன்று தரம் கழுவினாள்.

என்ன மனுசனப்பா நான்? எந்தச் சட்டி எண்டுகூடப் பாக்கத் தெரியாதே? முப்பது வருசம் ஒரே குசினி!

19.02.2025, புதன்

இன்றைக்கு நடந்ததை நம்பவே ஏலாது!

சோஹோவில் ஒரு ஒடுங்கின கடை, மத்தியானத்தில் சின்ன அளவு வாக்யூவும் சோறும் மலிவாகப் போடுகிறார்கள் என்று கீர்த்திகா சொல்லியிருந்தாள். ‘சொந்தமாச் சமைக்காதீங்கோ’ என்றும் சொல்லியிருந்தாள். போனேன். கதவைத் தள்ளினேன். மூலை மேசையில், கழுத்தில் வெள்ளைத் துணி செருகிக்கொண்டு, முன்னால் இறைச்சித் தட்டோடு, தனியே குகநாதன் அண்ணை.

எங்கள் கோயில் செயலாளர் குகநாதன் அண்ணை. திங்கள், வெள்ளி, சதுர்த்தி, சஷ்டி என்று மாதத்தில் பாதி நாள் விரதம் பிடிக்கிற குகநாதன் அண்ணை!

அவர் வாயில் துண்டு. நான் வாசலில். இரண்டு பேரும் அசையவில்லை.

“சண்முகம்,” என்றார் விழுங்கிவிட்டு. “நீ என்னைக் காணேல்லை.”

“நானும் இஞ்ச வரேல்லை அண்ணை.”

“அப்ப இரு.”

ஆறு வருசமாக வருகிறாராம். மகன் வேலை செய்கிற கந்தோர் விருந்தில் ஒருநாள் தொடங்கினதாம். லண்டனில் எந்தக் கடையில் எந்த நாள் நல்ல துண்டு என்று பஞ்சாங்கம்போலச் சொன்னார். மேபெயரில் இது, சிற்றிப் பக்கம் அது, சந்தையில் ஒரு தள்ளுவண்டி. நான் பிரட்டல் கறி வைத்த கதையைச் சொன்னபோது மனுசன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். கண்ணில் தண்ணீர். சிரிப்பா துக்கமா தெரியவில்லை.

“பாவி! நூறு எண்ணுறதுக்கு முதல் இறக்கவேணும். நடுவில சிவப்பு நிக்கவேணும். உப்புத் தவிர ஒண்டும் தொடப்படாது.”

எனக்கும் வந்தது. நடுவே சிவப்பு. கண்ணை மூடிக்கொண்டு வைத்தேன். கடிக்கப் போனேன், கடிக்க ஒன்றுமில்லை. வாய் முழுக்க ஒரு இனிப்பு, நெய்யும் இல்லை, இறைச்சியும் இல்லை, என்ன என்று சொல்ல எனக்குத் தமிழும் காணாது. இரண்டாம் துண்டுக்குக் கண்ணைத் திறந்துவைத்தேன். ஐயோ! இதையா என்ர பிள்ளை சமைக்கிறாள்? இதையா ‘கொம்பனி வேலை’ என்று மறைத்தோம்?

அண்ணையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் சொன்னார்: “உன்ர மனுசி வராட்டி, அந்த ரண்டாவது கதிரைக்கு நான் வாறன். கோட் போட்டு வாறன்.”

20.02.2025, வியாழன்

பஸ்ஸை ஓட்டிக்கொண்டே தனியச் சிரித்தேன். ஒரு வெள்ளைக் கிழவி எழும்பிப் பின்னுக்குப் போய் இருந்தாள்.

26.02.2025, புதன்

சிவராத்திரி. பின்னேரப் பூசைக்குப் போனோம். குகநாதன் அண்ணை பட்டுவேட்டியில் ஒலிவாங்கி பிடித்து அறிவித்தல் சொன்னார். நான் நந்திக்கு முன்னால் நிற்க ஏலாமல் தூணுக்குப் பின்னால் நின்று கும்பிட்டேன்.

02.03.2025, ஞாயிறு

வாய் இருக்கிறதே, அது எனக்கு எதிரி.

“வதனா, கடைசியாக் கேக்கிறன். நீ வராட்டி உன்ர இடத்துக்கு குகநாதன் அண்ணை வாறார்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது.

“குகநாதனோ? சாப்பிடவோ?”

“அது… துணைக்கு.”

“அந்த மனுசனுக்குத் தெரியுமோ பிள்ளை என்ன வேலை எண்டு?”

“தெரியும்.”

“சொன்னனீங்களோ?”

“சொன்னன்.”

ஒரு நிமிசம் என்னைப் பார்த்தாள். கூட்டுகிற தும்புத்தடி பறக்கும் என்று நினைத்தேன். பறக்கவில்லை.

“பெத்த தாய் நானிருக்க, என்ர பிள்ளைக்கு முன்னால கதிரையில இருக்க ஊரவனோ? நான் வாறன். ஒரு வாய் வைக்கமாட்டன். அவள் எப்பிடி நிக்கிறாள் எண்டு பாக்க மட்டும்.”

அண்ணைக்கு போன் எடுத்தேன். நீளமாக மூச்சு விட்டார். “கோட்டைக் கழுவக் குடுத்திட்டனடாப்பா…”

04.03.2025, செவ்வாய்

நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

ஆறு மணி. ஒரு பக்கத்தில் நாங்கள், மற்றப் பக்கத்தில் போலந்துப் பெடியனின் தாயும் மாமனும். நடுவே பெரிய செஃப், சின்ன உருவம், கையில் மணிக்கூடும் ஒரு கொப்பியும். ஒவ்வொருவருக்கும் இருபது நிமிசமாம். கீர்த்திகா கறுத்த தொப்பியோடு வந்து குனிந்தாள். என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டாள்: “எப்படிச் சுடவேண்டும், சேர்?”

“மீடியம் றெயர், பிள்ளை,” என்றேன். நடுவே சிவப்பு நிற்கிற பதம்; ஒரு மாதப் படிப்பு.

அவளுடைய கையைப் பார்த்தேன். கொழுப்பை வெட்டித் தட்டில் தேய்த்தாள், உள்ளி பொன்னிறம், இறைச்சி விழுந்த சத்தம். ஒரு பதற்றம் இல்லை. வதனா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் தட்டு வந்தது. இதற்கு முன்னால் சோஹோ சாப்பாடு ஒன்றுமே இல்லை! என் முகம் தானாகச் சிரித்தது, நான் ஒன்றும் செய்யவில்லை.

பிறகு கீர்த்திகா கீழே குனிந்தாள். துணியில் சுற்றிவைத்த ஒரு புதுக் கத்தியை எடுத்தாள். ஒரு புதுப் பலகை. சின்ன இரும்புச் சட்டி ஒன்றை வேறொரு அடுப்பில் ஏற்றினாள். கை கழுவினாள். கத்தரிக்காயும் காளானும் வெட்டத் தொடங்கினாள்.

இப்படிச் செய் என்று ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. அந்தச் சட்டி சூடாக நேரம் எடுத்தது. போலந்துப் பெடியன் இரண்டு தட்டும் வைத்து முடித்துவிட்டான். செஃப் மணிக்கூட்டைப் பார்த்தார். இருபது நிமிசம் ஆகப்போகிறது.

வதனா முன்னுக்குச் சாய்ந்தாள். மெதுவாகத்தான் சொன்னாள். “நேரம் போகுது பிள்ளை. இறைச்சி சுட்ட தட்டிலயே போடு. நான் சாப்பிடுறன்.”

அவள் அப்படிச் சொன்னாளா? வெள்ளிக்கிழமைச் சட்டியைப் பின்னில் போட்டவள் அப்படிச் சொன்னாள்!

கீர்த்திகா நிமிரவில்லை. “ஏலாது அம்மா. இருங்கோ.”

இருந்தோம். இருபத்துநாலு நிமிசம். கத்தரிக்காய் வந்தது. வதனா ஒரு துண்டு, இரண்டு துண்டு, தட்டை வழித்தே சாப்பிட்டாள். செஃப் வந்து, அம்மா என்ன சொன்னா என்று கீர்த்திகாவிடம் கேட்டார். அவள் சொன்னாள். அவர் தலையசைத்து எதையோ எழுதினார். நல்லதா கெட்டதா, அந்த முகத்தில் ஒன்றும் வாசிக்க ஏலவில்லை.

ரெயினில் வதனா ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். “மெலிஞ்சுபோனாள்.”

11.03.2025, செவ்வாய்

கிடைத்துவிட்டது!! ஸ்ரெதம் பஸ் தரிப்பில் இடைவேளையில் நிற்கும்போது போன் வந்தது. போலந்துப் பெடியன் அழுதானாம், இவளும் கூட நின்று அழுதாளாம். இனி ஒவ்வொரு இரும்புத் தட்டுக்கும் பக்கத்தில் ஒரு தனிச் சட்டி இருக்கவேண்டும் என்று செஃப் சொல்லியிருக்கிறாராம். பஸ்ஸை மூன்று நிமிசம் பிந்தி எடுத்தேன். பிந்தினதென்று டிப்போவில் எழுதிப் போடட்டும்.

16.03.2025, ஞாயிறு

மழை. வதனா குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு ரொறன்ரோவில் இருக்கும் தமக்கையோடு போனில் பேசினாள். நான் ஹோலில் இருந்து ரீவி பார்ப்பதுபோல இருந்தேன்.

“ஓமக்கா, வேலை நிரந்தரமாயிட்டுது… இல்லை, கந்தோர் இல்லை. சமைக்கிறாள். ஆக்களுக்கு முன்னால நிண்டு… ஓம், இறைச்சிதான்.”

அங்கால் ஏதோ கேள்வி. ரீவியின் சத்தத்தைக் குறைத்தேன். வெங்காயம் உரிக்கும் கை நிற்கவில்லை.

“மாடு,” என்றாள் வதனா.

போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். தமக்கையின் குரல் ஹோல் வரைக்கும் கேட்டது. அது அடங்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, போனைத் திரும்பக் காதில் வைத்தாள்.

“யூலையில வாறனெண்டனீங்களெல்லே? வாங்கோ, கூட்டிக்கொண்டு போறன். முதல்லயே சொல்லவேணும், அங்க இடம் கிடைக்கிறது கஷ்டம்.”